வேம்புக்கு ஊற்றிய தண்ணீர்

முகமாலையில் அம்மாவின் சீதனக் காணியில் ஒரு வேம்பு நிற்கிறது. என் நெஞ்சளவு உயரம்தான். சுற்றிவரப் புல்லும் கருகிக் கிடந்த ஆவணி மாதத்தில் அது மட்டும் பச்சையாக நின்றது.

இருபத்தைந்து வருடங்களாக மிதிவெடிகளுக்குள் கிடந்த காணி அது. துப்புரவாக்கும் வேலை முடியப்போகிறது, உரிமையாளர்கள் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தல் வந்ததும் ரொறன்ரோவிலிருந்து புறப்பட்டு வந்தேன். பளையில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஓட்டோவில் போய் எல்லை காட்டும் வெள்ளைக் கட்டைகளுக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு வருவேன். அந்தக் கட்டைகளுக்கு அப்பால் கால் வைக்கலாம் என்று சொன்ன பிறகும் எனக்குக் கால் வரவில்லை. நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னவர் செல்வராசா. மிதிவெடி அகற்றும் குழுவின் மருத்துவ உதவியாளர்; எல்லாருக்கும் மெடிக் அண்ணை. ஐம்பது வயதைத் தாண்டியவர். வெடி வெடித்தால் மாத்திரமே அவருக்கு வேலை. வெடிக்காத நாளெல்லாம் அம்புலன்சின் நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்.

"அந்த வேம்பை ஆர் நட்டது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தரும் நடேல்லை, தானா முளைச்சது. வளர்த்தது பிரஷாந்தினி" என்றார். பிறகு சிரித்தார். "வளர்க்கோணும் எண்டு வளர்க்கேல்லை. அவாவையே கேளுங்கோ, சொல்லுவா. முந்தி வாயே திறக்கமாட்டா. இப்ப வாற போற எல்லாருக்கும் சொல்லுறா."

அவர் சொன்னதையும் அவள் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, "போடுங்கோ அக்கா, ஆனா வயசைக் கூட்டிப் போடாதேங்கோ" என்றாள். இருபத்தாறு.

பிரஷாந்தினியின் தாத்தாவும் அப்பாயியும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து வயல் வேலைக்குப் பழகிய குடும்பம். தகப்பன் உழவு மெஷின் ஓட்டுகிறார். தாய் இலட்சுமி நாற்று நடவும் களை பிடுங்கவும் போகிறவர். வீட்டில் இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான். வாசலைத் தாண்டினால் பிரஷாந்தினிக்கு வன்னிப் பேச்சு வந்துவிடும்.

ஐந்து வயதில் அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. சிறுநீர் எரிந்து, சலம் போகும்போதெல்லாம் அழுவாள். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, சலப்பையிலிருந்து வெளியே போகவேண்டிய சலத்தில் கொஞ்சம் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகிறது என்று சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கிருமியையும் கூட்டிக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் தழும்பு விழும். தினமும் படுக்கமுன் ஒரு கரண்டி மருந்து கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு வருடம் கொடுத்தார்கள். பிறகு சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிவிட்டது. மருந்தும் இல்லை, கிளினிக்கும் இல்லை. பாதை திறந்து மறுபடி ஸ்கான் செய்து பார்த்தபோது இடப்பக்கச் சிறுநீரகம் அவளுடைய வயதுக்கு இருக்கவேண்டியதில் பாதியாய் இருந்தது. வலப்பக்கம் நன்றாக இருந்தது. இனி அதைக் காப்பாற்ற வேண்டும் என்றார் டொக்டர். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சலத்தை அடக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் குளிசை போடமுன் சலத்தைச் சோதிக்க வேண்டும் என்று அவர் சொன்னதை இலட்சுமி சாமி பாட்டுப் போலப் பாடமாக்கி வைத்திருந்தார்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பதினேழாவது வயதில் பிள்ளைகளின் கிளினிக்கில் கடைசித் தடவை பார்த்த டொக்டர், "இனி நீங்கள் பெரிய ஆள், பெரியாக்களின்ர கிளினிக்குக்குப் போகவேணும்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, கிளினிக் கொப்பியின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, வீட்டு அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்குக் கீழே வைத்தாள்.

"ஏன் குடுக்கேல்லை?" என்று கேட்டேன்.

"உயர்தரச் சோதனை அக்கா. சோதனை முடியட்டும் எண்டு பாத்தன். பிறகு புடவைக்கடையில வேலை, லீவு தரமாட்டினம். பிறகு..." தோளைக் குலுக்கினாள். "வருத்தம் இல்லாத ஆள் என்னத்துக்குக் கிளினிக்குக்குப் போறது எண்டு நினைச்சன்."

இருபத்திரண்டு வயதில் மிதிவெடி அகற்றும் வேலைக்கு விண்ணப்பித்தாள். மருத்துவப் படிவத்தில் ஏழாவது கேள்வி: முன்பு சிறுநீரக நோய் இருந்ததா? இல்லை என்ற பெட்டியில் அடையாளம் போட்டாள்.

"முழுப்பொய் எண்டு நினைச்சுப் போடேல்லை. அரைவாசிப் பொய்தான் எண்டு நினைச்சன். ஒரு பக்கம் நல்லாத்தானே இருக்கு."

இதைச் சொன்னபோது பக்கத்தில் நின்ற மெடிக் அண்ணை தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு மீற்றர் அகலமான ஒரு பாதையில் ஒருவர் மட்டும் முழங்காலிட்டு வேலை செய்வார். லேன் என்று சொல்வார்கள். நீண்ட பிடி வைத்த வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்து, ஒரு சாண் ஆழம் பார்த்து, முன்னால் கிடக்கும் தடியை நகர்த்தி, மறுபடி இழுக்க வேண்டும். பக்கத்து லேனில் இருப்பவர் கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார். கழுத்திலிருந்து தொடை வரை பாரமான அங்கி, முகத்துக்குக் கண்ணாடிக் கவசம். விசில் ஊதினால் இடைவேளை. "கடையில முழுநாளும் ஆக்களுக்குப் பல்லைக் காட்டவேணும். இதுக்குள்ள ஒருத்தரும் என்னோட கதைக்க வரமாட்டினம். அந்த அமைதி எனக்கு விருப்பம்" என்றாள். மூன்று வருடத்தில் அவள் எடுத்த வெடிகள் நூற்றுக்கு மேல். இந்தக் கைகளுக்கு அது தெரியும் என்பதுபோல விரித்துக் காட்டினாள். மருதோன்றி பூசிய கைகள்.

போன வருடம் ஆனி மாதம் எங்கள் காணிப் பக்கம் வேலை தொடங்கியபோது, அவளுக்குக் கிடைத்தது ஆகக் கடைசி லேன். கழிப்பறைக் கூடாரம் இருந்தது வீதியோரம், இருநூறு மீற்றர் தள்ளி. இடையில் விசில் இல்லாமல் வெளியே வரவேண்டுமானால் கையை உயர்த்தி, குழுத் தலைவி நாகேஸ்வரி வந்து அனுமதி தந்து, கட்டைகளுக்கு நடுவே நடந்து வந்து, அங்கியைக் கழற்றி, போய்வந்து, மறுபடி மாட்டிக்கொண்டு போகவேண்டும். கால்மணி நேரம் போய்விடும். இடைவேளையிலோ பத்து நிமிடம்தான். நடக்கவே பாதி போய்விடும். ஆனால் அவளைத் தடுத்தது தூரமில்லை.

பக்கத்து லேன் செந்தூரன். நல்ல பெடியன், வாய்தான் சும்மா இராது. அவள் ஒரே காலையில் இரண்டாந்தரம் கையை உயர்த்தியபோது அங்கிருந்தே கத்தினான்: "பிரஷா, உனக்கு அங்கயும் ஒரு லேன் தந்திருக்கினமோ? எத்தனை மீற்றர் முடிச்சிட்டாய்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "நீ உன்ர லேனைப் பாரடா, ஆமை உன்னை முந்திப்போட்டுது" என்று பதிலும் கொடுத்தாள். அடுத்த நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள்.

அவளுக்கு அது சரியான கணக்காகத் தெரிந்தது. காலை நாலரை மணிக்கு ஒரு பிளேன்ரீ. கரடிப்போக்குச் சந்தியில் வாகனம் ஏறியதிலிருந்து வேலை முடியும்வரை ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் ஒரு செம்பு, இரண்டு செம்பு. ஆனால் எல்லாருடைய போத்தலிலும் பெயர் எழுதியிருக்கும், இடைவேளையில் நிரப்பிக் குடிப்பதை மெடிக் அண்ணை பார்த்துக்கொண்டிருப்பார். குடிக்காதவரைக் கேள்வி கேட்பார். அதனால் அவள் போத்தலை நிரப்பி, வாயில் வைத்து எடுத்து, அவர் அங்கால் திரும்பியதும் அம்புலன்சுக்குப் பின்னால், காணியின் துப்புரவான மூலையில் நின்ற சிறிய வேப்பங்கன்றின் அடியில் ஊற்றுவாள். நாளுக்கு மூன்று போத்தல்.

"ஆடி மாசம், மழை ஒரு துளி இல்லை" என்றார் மெடிக் அண்ணை. "எல்லாம் கருகுது, இது மட்டும் இலை இலையாத் தள்ளுது. நானும் நிலத்தடித் தண்ணி எண்டு நினைச்சிட்டன், மொக்கன்."

ஆடியில் அவளுக்குச் சலக்கடுப்புத் தொடங்கியது. உடம்புச் சூடு என்று நினைத்தாள். வெயிலுக்குள் வேலை செய்கிற எல்லாருமே அதைத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு இளநீர் குடித்தாள். குறையவில்லை. பெரியம்மாவின் மகளுக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்த குளிசையில் மிச்சம் ஐந்து இருந்தது. அதைப் போட்டதும் கடுப்பு நின்றுவிட்டது. இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வந்தது. இந்தமுறை நாரியில், முதுகின் கீழே வலப்பக்கத்தில், ஒரு நோவும் சேர்ந்து வந்தது.

வலப்பக்கம் என்பதை அவள் கவனித்தாள். நன்றாக இருக்கிற பக்கம் அது.

தாயிடம் சொல்லவில்லை. சொன்னால் இலட்சுமி கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கொப்பி வெளியே வந்தால் ஏழாவது கேள்வியும் வெளியே வரும். வந்தால் லேன் இல்லை, புடவைக்கடைதான். இரவில் படுத்துக்கொண்டு அவள் நினைத்தது இவ்வளவுதான்.

ஆவணி, ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாவது விசிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. முழங்காலிட்டு வாரியை இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வெயிலில் குளிர்ந்தது. முதலில் தோள்மூட்டு நடுங்கியது. பிறகு பல். வாரியின் முட்கள் மண்ணைத் தொட்டபடி நடுங்குவதை அவளே பார்த்தாள். முன்னாலிருந்த மண்ணில் இன்னும் அரைச்சாண் பார்க்காமல் இருந்தது.

"அப்ப என்ன நினைச்சனீங்கள்?"

"விசில் வரும், சமாளிப்பம் எண்டு நினைச்சன். பிறகு வாரியைப் பாத்தன். நடுங்கிற கையோட அதைப் பிடிச்சால் எனக்கு மட்டுமில்லைத்தானே அக்கா. நாகேஸ்வரியக்காதான் என்னைத் தூக்க வருவா."

வாரியை மெதுவாகப் பின்பக்கம் வைத்தாள். கையை உயர்த்தினாள்.

கை உயர்ந்தால் எல்லா லேனும் நிற்க வேண்டும். எல்லாரும் நின்றார்கள். செந்தூரன் இந்தமுறை ஒன்றும் கத்தவில்லை. வெடி கண்டுவிட்டாள் என்று நினைத்தான். நாகேஸ்வரி கட்டைகளுக்கு நடுவே நடந்து வந்து, அவளுக்குப் பின்னால் நின்று கேட்டார்: "என்ன, சாமான் கண்டிட்டியோ?"

"இல்லையக்கா. எனக்கு நடுங்குது."

"பயமோ?"

"குளிருது."

நாகேஸ்வரி அவளுடைய கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். பத்து வருடமாக இந்த வேலை செய்கிறவர், சத்தம்போடத் தெரியாதவர். "என்ர காலடியைப் பாத்துக்கொண்டு வா. அவசரப்படாதை" என்றார். இருவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள்.

அம்புலன்சுக்குள் படுக்கவைத்து, காய்ச்சல் பார்த்து, மெடிக் அண்ணை படிவத்தை எடுத்தார். "சலம் எரியுதோ?"

"ஓம்."

"எத்தினை நாளா?"

"கனநாள்."

"முந்தி ஏதும் வருத்தம் இருந்ததோ?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணை, சொன்னால் எழுதுவியளோ?"

"எழுதுவன்."

"எழுதினால் என்னை நிப்பாட்டிப்போடுவினம்."

"பிள்ளை, நான் ஏழு வருஷமா இந்தக் கதிரையில இருக்கிறன். ஆற்றையோ கால் போகும், கட்டுவம் எண்டு பாத்துக்கொண்டு. கடவுளே எண்டு ஒண்டும் நடக்கேல்லை. இண்டைக்குத்தான் எனக்கு ஒரு நோயாளி வந்திருக்கிறா. அவவும் எழுதாதை எண்டுறா."

அவள் சிரிக்கவேண்டி வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே இடப்பக்கம், வலப்பக்கம், ஏழாவது கேள்வி, கடைசியில் வேப்பங்கன்று வரைக்கும் எல்லாம் சொன்னாள். அவர் எழுதினார். வேம்பை மட்டும் எழுதவில்லை.

அம்புலன்சில் அவளைக் கொண்டுபோன கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு இலட்சுமி கொப்பியோடு சைக்கிளில் வந்தார். வாட்டில் இருந்த டொக்டர் பிரஷாந்தினியைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, மடிப்பில் கிழியாமல் விரித்து வாசித்தார். திகதியைப் பார்த்தார்.

"எட்டு வருஷம். இது எனக்கு எழுதின கடிதம் எண்டு நினைக்கிறன்" என்றார். "நான் அப்ப கம்பசிலகூடச் சேரேல்லை."

திட்டவில்லை. கிருமி வலப்பக்கச் சிறுநீரகம்வரை ஏறிவிட்டது, சலத்தைச் சோதனைக்கு அனுப்பி எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்துத்தான் கொடுக்கவேண்டும், அந்த ஐந்து குளிசை கிருமியைக் கொல்லவில்லை, மறைத்துத்தான் வைத்தது என்று நிதானமாக விளங்கப்படுத்தினார். இரத்தத்தில் சிறுநீரகக் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. இறங்குமா என்று இலட்சுமி கேட்டார். பொறுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர்.

முதல் மூன்று நாள் ஊசியில் மருந்து ஏற்றினார்கள். இலட்சுமி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு மணிக்கும் கோப்பையை நீட்டினார். "குடி புள்ள. ஒனக்கு அஞ்சு வயசுல சொன்னேன், ஆறு வயசுல சொன்னேன். பெரிய புள்ளையாயிட்டன்னு நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்." நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் எடுத்த இரத்தத்தில் கணக்கு இறங்கியிருந்தது. முழுதாகப் பழைய இடத்துக்கு இல்லை, ஆனால் இறங்கியிருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இங்கே இன்னொன்று நடந்தது. வேலை முடிந்து வாகனம் வரும்வரை காத்திருந்த பெண்களை நாகேஸ்வரி வட்டமாக இருத்தினார். ஆண்களை அந்தப்பக்கம் போகச் சொன்னார். "உண்மையைச் சொல்லுங்கோ, வேலை நேரத்தில தண்ணி குடிக்காத ஆக்கள் ஆர் ஆர்?"

முதலில் தர்மிளா, ஆகச் சத்தமாகச் சிரிக்கிறவள், கையைத் தூக்கினாள். "நான் வீட்ட போய்த்தான் போறனான் அக்கா. ஐஞ்சு வருஷமா. என்ர மனுசன் கேக்கிறார், நீ என்னைப் பாக்க ஓடி வாறியோ, கக்கூசைப் பாக்க ஓடி வாறியோ எண்டு."

சிரிப்பு அடங்க முன்னர் இன்னும் நாலு கை உயர்ந்தது. பதினொரு பெண்களில் ஐந்து பேர். கொஞ்சநேரம் கழித்து நாகேஸ்வரியும் தன் கையைத் தூக்கினார்.

அந்தக் கிழமையே கூடாரம் இடம் மாறியது. லேன்கள் முன்னே போகப்போக, துப்புரவான நிலத்தில் கூடாரமும் பின்னாலேயே போகும் என்று மேலிடத்தில் கேட்டு ஒழுங்கு செய்தார் நாகேஸ்வரி. இடைவேளை பத்து நிமிடம் பதினைந்தாகியது. செந்தூரனிடம் அவர் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று அவன் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி தோடம்பழத்தோடு போய் வாட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல் இலட்சுமியிடம் கொடுத்துவிட்டு வந்தானாம்.

அவளுக்கு மாத்திரம் லேன் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை. ஏழாவது கேள்விக்குப் புதுப் படிவம் நிரப்பினாள். ஓம் என்ற பெட்டி. அலுவலக மருத்துவர் ஸ்கான் படங்களைப் பார்த்துவிட்டு, கிளினிக் கடிதம் வரும்வரை வெளி வேலை இல்லை என்றார். ஆறு கிழமை முகாமில் இருந்து கட்டைகளுக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசினாள். ஆயிரத்து நானூறு கட்டை. "கனவிலயும் சிவப்பு வெள்ளைதான் அக்கா. அந்தக் கட்டைகள் எல்லாம் லேனுக்குப் போகுது, நான் மட்டும் இஞ்ச இருக்கிறன்."

ஏழாவது கிழமை முடிவு வந்தது. போகலாம். ஒவ்வொரு விசிலுக்கும் வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் கடிதம் கொண்டுவர வேண்டும். ஒரு கடிதம் தவறினால் லேன் இல்லை.

திரும்பி வந்த முதல் நாள் இரண்டாவது விசிலுக்கு அவள் வெளியே வந்து, போத்தலை நிரப்பி, மெடிக் அண்ணைக்கு முன்னால் நின்று முழுவதும் குடித்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு துளி விழவில்லை.

"சரி சரி" என்றார் அவர். "இப்ப மரத்துக்கு ஆர் ஊத்துறது?"

அன்றிலிருந்து அவர்தான் ஊற்றுகிறார்.

காணி கையளிக்கும் நாள் வியாழக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். நான் விடியவே போய்விட்டேன். சிறிய பந்தல், கதிரைகள், அதிகாரிகள். குழு முழுவதும் நீலச் சேட்டோடு வரிசையாக நின்றது. கையெழுத்து வைத்துப் பத்திரத்தை வாங்கினேன். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அம்மாவின் காணிக்குள் நடந்தேன். படம் எடுக்கக் கூப்பிட்டபோது வரிசையில் அவளைத் தேடினேன். கடைசி லேன் அவளுடையது. கடைசி மீற்றரையும் அவள்தான் முடித்தாள். அவளில்லாமல் அந்தப் படம் எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்ப ஏதும் வருத்தமோ என்று நினைத்தேன்.

"பிரஷாந்தினி எங்க?"

"கிளினிக்குக்குப் போட்டா" என்று பின்வரிசையிலிருந்து செந்தூரன் சொன்னான். சாதாரணமாக, பகிடி இல்லாமல்.

"இண்டைக்கெண்டு பாத்தோ? வேற ஒரு நாளுக்கு மாத்தக் கேட்டிருக்கலாமே. நானே டொக்டரோட கதைச்சிருப்பனே."

நாகேஸ்வரி என் கையைப் பிடித்து, வேம்புக்குப் பக்கத்தில் படத்துக்கு நிற்க வைத்தார்.

"நானும் அவவைக் கேட்டனான் அக்கா. மாத்தமாட்டாவாம். தான் எட்டு வருஷம் மாத்தினது போதுமாம்."